எந்தப் படத்துக்குப் போகலாம்?

ஊரில் புதுப் படம் வந்திருக்கிறது. குடும்பத்தோடு போனால் ஒரு நாள் கூலி போய்விடும்.

போஸ்டரில் கதாநாயகன் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே! சின்னதாக இருக்கும் தணிக்கை எழுத்தையும் படியுங்கள்.

'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது.

நடுவில் 'யுஏ'. 2024 முதல் அதோடு 7, 13, 16 என்று வயதும் போடுகிறார்கள். 'யுஏ 13+' படத்துக்கு 10 வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படம் நல்லதா என்று அந்த எழுத்து சொல்லாது. முதல் நாள் ரசிகர்களுக்கோ எல்லாப் படமும் நல்ல படம்தான். இரண்டு நாள் பொறுங்கள். பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், கடைசி வரை உட்கார முடிந்ததா என்று கேளுங்கள்.