கதையின் காலம் வேறு, ஏட்டின் காலம் வேறு

நம்பிக்கை: புனித தோமா கி.பி. 52-ல் வந்தார், மயிலாப்பூரில் வள்ளுவருக்குப் போதித்தார், அதைக் கேட்டுத்தான் வள்ளுவர் குறள் எழுதினார். சாட்சி வேண்டுமா? ஜி.யு. போப் இருக்கிறார், பரங்கிமலைக் கல்சிலுவை இருக்கிறது, 'தோமா பணிகள்' நூல் இருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், குளிக்க வருகிறவர்களோடு இந்தப் பேச்சும் இலத்தூர் வரை வந்துவிடுகிறது. சொல்கிறவர்களில் படித்தவர்களே அதிகம். கல்வெட்டையும் ஏட்டையும் பார்த்தே காலம் கழித்தவன் நான். இதைக் கேட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த மூன்று சாட்சிகளையும் கூண்டில் ஏற்றிப் பாருங்கள். மூன்றும் எதிர்க்கட்சிக்கே சாட்சி சொல்கின்றன.

போப் 1886-ல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனை வள்ளுவர் காதில் விழுந்திருக்கலாம் என்று ஊகித்தவர் அவர்தான். ஆனால் அதே முன்னுரையில் குறளின் காலம் கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையில் என்கிறார். முதல் நூற்றாண்டுத் தோமாவிடம் ஒன்பதாம் நூற்றாண்டு வள்ளுவர் எப்படிப் பாடம் கேட்பார்? ஊகத்தை எடுத்துக்கொண்டு காலத்தை மறைப்பது என்ன நியாயம்?

போப் சொன்ன காலமும் நிற்காது. மணிமேகலை குறளை எடுத்தாள்கிறது. ஆகவே குறள் அதற்கு முந்தியது. நம் நெல்லைச் சீமை வையாபுரிப்பிள்ளை ஆறாம் நூற்றாண்டை ஒட்டி என்றார். கமில் சுவலபில் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதி என்றார். 'அரசாங்கமே கி.மு. 31 என்று சொல்லிவிட்டதே' என்று மறிக்கிறவர்களுக்கு: அது ஆண்டுக்கணக்கு வைத்துக்கொள்ள எடுத்த முடிவு, கல்வெட்டுச் சான்று அல்ல.

அடுத்தது பரங்கிமலைக் கல்சிலுவை. 1547-ல் போர்ச்சுகீசியர் அங்கே கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. தோமா கையால் செதுக்கியது என்பார்கள். கல்லைச் சுற்றி ஓடும் எழுத்தைப் பாருங்கள்: பாரசீகத்துப் பஹ்லவி. எழுத்தின் அமைதி ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டைக் காட்டுகிறது. இதே சாதிச் சிலுவை கோட்டயத்திலும் உண்டு. பாரசீகத் திருச்சபையோடு உறவு வைத்திருந்த நம் கரையோரக் கிறிஸ்தவர்களின் அருமையான சான்று அது. அதை வலிந்து முதல் நூற்றாண்டுக்கு இழுத்து, உண்மையான பெருமையைக் கெடுக்கிறார்கள்.

கடைசியாக 'தோமா பணிகள்'. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதில் வரும் கதை முதல் நூற்றாண்டில் நடப்பது. நூல் எழுதப்பட்டது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடெஸ்ஸா பக்கத்தில், சிரியாக் மொழியில். லண்டனில் இருக்கும் பேர்போன சிரியாக் ஏடு படியெடுக்கப்பட்டது கி.பி. 936-ல். நிகழ்ச்சி, நூல், ஏடு என மூன்றுக்கும் மூன்று காலம். தாத்தா கல்யாணத்தைப் பற்றிப் பேரன் நோட்டில் எழுதினால் அந்த நோட்டு தாத்தா காலத்ததாகிவிடுமா?

அதில் வரும் குண்டபோரஸ் நிஜ ராஜா. நாணயம் கிடைத்திருக்கிறது, பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாகியில் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அவன் ஆண்டது வடமேற்கே. நூலில் மயிலாப்பூர் என்ற பேச்சே இல்லை, வள்ளுவரும் இல்லை. மேற்குக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்கு ரோமக் கப்பல் வந்தது உண்மைதான். கப்பல் வந்ததற்கான சாட்சி தோமா அதில் ஏறியதற்கான சாட்சி ஆகாது. தோமா வந்தார் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. நம்பிக்கைக்குப் பொய் ஆவணம் தயாரிக்கிறவர்களோடுதான் வழக்கு.

முதல் நூற்றாண்டை நிரூபிக்கவே முடியாதா? முடியும். கிரேக்க நாட்டு டெல்பியில் உடைந்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கிளாடியஸ் பேரரசனை 26-வது தடவை வெற்றிவீரனாக வாழ்த்திய காலத்தில் கல்லியோன் அந்த வட்டாரத்து ஆளுநர் என்று அதிலிருந்து தெரிகிறது. அது கி.பி. 52-ன் முற்பகுதி. பவுலைக் கொரிந்து நகரில் இந்தக் கல்லியோன் முன்பு நிறுத்தினார்கள் என்கிறது அப்போஸ்தலர் பணிகள். பவுலின் கடிதங்களுக்குக் காலம் குறிக்க ஆய்வாளர்கள் பிடித்திருக்கும் உறுதியான முளை இதுதான்.

அதே வேலையை நம் பக்கத்திலும் செய்திருக்கிறார்கள். செங்கோட்டையில் ஏறி ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கொல்லம். அங்கே மருவான் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் செப்பேடு கொடுத்தார். எழுத்து வட்டெழுத்து, குற்றாலநாதர் கோயிலில் இருக்கிறதே, அதே எழுத்து. சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில். காலம் சேர அரசன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. அவனுடைய 25-வது ஆண்டு சக ஆண்டு 791, அதாவது கி.பி. 869 என்பதை அவன் அரசவை வானநூலார் சங்கரநாராயணன் எழுதிய உரையிலிருந்து கணக்கிடலாம். இருபது வருஷம் கழியுங்கள்: கி.பி. 849. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இப்படி வருஷம் சுத்தமான ஆவணம் இருக்கும்போது வள்ளுவர் கழுத்தில் எதற்கு ஜெபமாலை?

இதே ரகத்தில் இன்னும் மூன்று. நம்பிக்கை: கி.பி. 325-ல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பைபிளை எழுத வைத்தான். சுத்தப் பொய். அங்கே பேசியது ஆரியுஸின் கொள்கையையும் ஈஸ்டர் நாளையும். நான்கு நற்செய்திகளையும் பெயர் சொல்லி ஐரேனியுஸ் எழுதியது 180-ஐ ஒட்டி.

நம்பிக்கை: இயேசு லடாக் மடத்தில் படித்தார். 1894-ல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் கட்டிய கதை. மறு வருஷமே டக்ளஸ் என்பவர் ஹெமிஸ் மடத்துக்கே போய்க் கேட்டார். அப்படி ஒரு ஏடே இல்லை என்று தலைமை லாமா சொல்லிவிட்டார்.

நம்பிக்கை: கார்பன் சோதனை செய்தால் வருஷம் தெரிந்துவிடும். ஓலையும் தோலும் எப்போது உயிரோடிருந்தன என்று ஏறத்தாழச் சொல்லும், அவ்வளவுதான். நூல் எப்போது இயற்றப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

இத்தனை ஆவேசத்தோடு தோமாவைத் தேடுகிறவர்கள் சொந்த ஊர்ச் சுவரைப் பார்ப்பதில்லை. கும்பாபிஷேகத் திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டை மழுங்கடிக்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆட்சியாண்டு செதுக்கிய ஒரு வரி போனால் எந்த அறிஞராலும் அதைத் திருப்பித் தர முடியாது. வீட்டுப் பரணிலும் இதே கதைதான். இலத்தூர், ஆய்க்குடி, பண்பொழி, செங்கோட்டைப் பக்கம் ஏட்டுக்கட்டு வைத்திருப்பவர்களே, கயிற்றை அவிழ்த்து ஓலை வரிசையைக் கலைக்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள். கடைசி ஓலையைச் செல்போனில் படம் எடுங்கள். எழுதினவர் கொல்லம் ஆண்டும் மாதமும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் போட்டிருப்பார். அந்த ஆண்டோடு 825 கூட்டினால் ஒரு வருஷம் முன்பின்னாகக் கி.பி. கணக்கு கிடைத்துவிடும்.