பேர் கெட்ட ஏரியாவில் அரசு வீடு: வாங்குவதா, விடுவதா?

ஒதுக்கீட்டு ஆணை வரும்வரை ஒரே பேச்சாக இருந்த குடும்பத்தில், அது கைக்கு வந்ததும் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. பங்குத்தொகைக்கு நகையை அடகு வைப்பதா என்பது ஒரு பக்கம். "அங்க யாரு யாரு குடிவர்றாகன்னு தெரியுமா?" என்பது இன்னொரு பக்கம். கூடலூர், கம்பம் பகுதிகளில் வாடகை வீட்டிலும் புறம்போக்குக் குடிசையிலும் காலம் தள்ளுகிறவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை வருகிற முடிவு இது. டீக்கடைப் பேச்சை நம்பி இதை எடுக்க வேண்டாம்.

நம்பிக்கை: "அது ரவுடி ஏரியா. அங்க போனா பிள்ளைக கெட்டுப்போகும்."

இதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் சென்னைக் கண்ணகி நகர். துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு அது. பக்கத்திலுள்ள எழில் நகரையும் சேர்த்தால் 23,000 வீடுகளுக்கு மேல். ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்கள். அங்கே குற்றம் நடந்தது உண்மைதான். பக்கத்தில் வேலையும் பள்ளியும் வருவதற்கு முன்பே பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களை ஒரே இடத்தில் குவித்தால் எந்த ஊரிலும் அது நடக்கும். ஆனால் தண்டனையை அனுபவிப்பது ஒழுங்காக வாழ்கிற பெரும்பாலானவர்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியின் கார்த்திகாவுக்கும் அதே கண்ணகி நகர்தான் ஊர்.

ஒரு கூட்டத்துக்கே மொத்தமாகக் குற்றப்பட்டம் கட்டினால் என்ன ஆகும் என்பதை நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர்கள் கைரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிரமலைக் கள்ளர் ஆண்கள் ராத்திரியானால் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல். இத்தனையும் பட்ட மண்ணில் இருந்துகொண்டு, வாரிய வீட்டில் இருப்பவன் எல்லாம் திருடன் என்று நாமே பேசுவதைக் கேட்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதற்காக, அக்கம்பக்கம் எப்படி இருந்தாலும் சரி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை, ஐந்து நகரங்களின் வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நல்ல பகுதிக்கு மாற உதவினார்கள். மாறிய பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. மனநலமும் உடல்நலமும் தேறின. 13 வயதுக்குள் மாறிய பிள்ளைகளோ, வளர்ந்து இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆகவே பெற்றோரின் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் நீங்கள் இப்போது இருக்கும் தெருவோடு அந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாக்கடையோரக் குடிசையையும் டாஸ்மாக் வாசலையும் தாண்டித்தான் உங்கள் மகள் இன்று பள்ளிக்குப் போகிறாள் என்றால், புதிய இடத்தின் பேரை மட்டும் கேட்டுப் பின்வாங்குவதில் நியாயம் இல்லை.

நம்பிக்கை: "வாடகை மிச்சம். எங்க குடுத்தாலும் வாங்கு."

பேர் கெட்ட தெருவைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பேச்சுதான். அகமதாபாத்தில் 1987-இல் 'சேவா' அமைப்பின் பெண் தொழிலாளர்களுக்குக் குலுக்கலில் வீடு ஒதுக்கினார்கள். நல்ல வீடு, ஆனால் நகரத்தைவிட்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி. பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டு வெளியேறியிருந்தார்கள். குடும்ப வருமானமும் பிள்ளைகளின் நிலையும் வீடு கிடைக்காதவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. அவசரத்துக்குக் கைமாற்றுத் தரச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

இதைக் கூடலூர்க் கணக்கில் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் கூலி. அந்த நேரத்தில் டவுன் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் வாடகையில் மிஞ்சியது அதிலேயே போய்விடும். திராட்சைத் தோட்ட வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆள் கூப்பிடுகிறவர் பக்கத்துத் தெருவில் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார். வேலை அறுந்துபோகும் தூரத்தில் வீடு என்றால், அது எவ்வளவு அமைதியான ஏரியாவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நம்பிக்கை: "வாங்கிப் போட்டுட்டு வாடகைக்கு விட்டுரலாம்."

மும்பையில் குலுக்கலில் வீடு வென்றவர்கள் வாடகைக்கு விட அனுமதி உண்டு. அவர்கள் குடும்பங்களில் படிப்பும் வேலையும் உயர்ந்ததை ஆய்வு காட்டியது. ஆனால் நம் வாரிய வீடு பயனாளியே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. மீறினால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். இன்னொன்று: 2024-இல் வந்த நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் விதிப்படி, கடந்த 20 ஆண்டுகளில் எந்த அரசுத் திட்டத்திலாவது வீடு பெற்ற குடும்பத்துக்கு மறுபடி வீடு கிடையாது. நாளைக்குக் கொஞ்சம் பட்டா நிலம் கைக்கு வந்து, மானியத்தில் அங்கேயே கட்டலாம் என்று நினைத்தாலும் அந்த வழி மூடியிருக்கும்.

நம்பிக்கை: "கவர்மெண்டு புதுக் கட்டடம். பாக்க என்ன இருக்கு?"

2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் புதுச் சுவரின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பங்குத்தொகை கட்டுவதற்கு முன் ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு எட்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஏறுகிறதா, ஏற்கெனவே குடிவந்த பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் மாற்றுத்திறனாளியோ வயதானவரோ இருந்தால் தரைத்தளத்தில் முன்னுரிமை கேட்க இடமுண்டு. அதை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.