பாவும் ஊடையும்: ஆடைப் பொறியியற் கல்வியில் தமிழ்ச் சொற்கள்

முன்னுரை

இழையையும் ஏட்டையும் 'நூல்' என்னும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழ் மரபு. நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து, நூல் முடியும் முறையை விளக்குகின்றது. இதனை வகுப்பில் நடத்தும்போது நாம் புலவனையே நோக்குகின்றோம். பஞ்சும் கதிரும் உருவகத்திற்கு உதவிய பொருள்களாக ஒதுங்கிவிடுகின்றன. அப்பஞ்சையும் கதிரையுமே பாடப்பொருளாகக் கொண்ட பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றுண்டு. நெசவு மற்றும் ஆடைத் தொழில்நுட்பப் பொறியியல் என்பது அதன் பெயர். அப்படிப்பின் இயல்பு யாது, அதில் தமிழ்ச் சொல்லுக்குரிய இடம் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிப்பின் இயல்பு

இத்துறையைத் தையற்கலை என்றும், புதுப்பாங்கு ஆடை வரைதல் என்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுமையானதன்று. 1944-இல் தோன்றிய சென்னை அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி முதலிய நிறுவனங்களில் இது முழுமையான பொறியியற் படிப்பாகவே நடத்தப்பெறுகின்றது. நான்காண்டுகளில் எட்டுப் பருவங்கள். முதற்கண் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியன. அடுத்து இழையியல், நூற்பு, நெசவு, பின்னல், சாயமிடல், துணிச்சோதனை, ஆடை உருவாக்கம் ஆகியன பாடங்களாகும்.

பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூன்றினாலும் நெய்யும் காருகர் புகார் நகரில் வாழ்ந்ததைச் சிலம்பு காட்டும். இன்றைய மாணவர் அம்மூன்றோடு விஸ்கோஸ், பாலியஸ்டர், நைலான் ஆகியவற்றையும் மூலக்கூறு அளவில் பயில்கின்றனர். பருத்தி நீரை எளிதில் ஏற்கும், பாலியஸ்டர் ஏற்காது. ஆதலின் இரண்டிற்கும் ஒரே சாயம் பொருந்துவதில்லை. பருத்திக்குரிய சாயங்கள் மிதமான வெப்பத்திலேயே பற்றிக்கொள்ள, பாலியஸ்டருக்கோ அழுத்தக் கலத்தில் ஏறத்தாழ 130 பாகை செல்சியசு வெப்பம் தேவைப்படுகின்றது. காரணமறிந்து செய்யும் இவ்வறிவே பொறியாளரைத் தொழிலாளரினின்று வேறுபடுத்துகின்றது.

இவ்வறிவுக்குக் கடமையும் உண்டு. நொய்யலாற்றை மாசுபடுத்திய சிக்கலில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளிவிடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் வழி அத்தொழிலின் உயிர்ப்பிரச்சினையாயிற்று. துணிக்கு நிறமூட்டக் கற்பவர் ஆற்றின் நிறம் மாறாமற் காக்கவும் கற்றாக வேண்டும்.

எண்ணும் இழையும்

நெசவாளர் '40-ஆம் நம்பர் நூல்' என்கிறார். அந்த எண் எதனைக் குறிக்கின்றது? 840 கெசம் நீளமுள்ள நூல் ஒரு கழி. ஒரு பவுண்டு எடையில் எத்தனை கழிகள் அடங்குமோ அத்தனையே அந்நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 கழி, அஃதாவது 33,600 கெசம். ஆகவே எண் கூடக்கூட நூல் மெலியும்.

பல்கலைக்கழகத்தில் 'டெக்ஸ்' என்னும் மற்றோர் அளவையும் கற்பிக்கின்றனர். 1,000 மீட்டர் நூலின் கிராம் எடையே டெக்ஸ். இதில் எண் கூடக்கூட நூல் தடிக்கும். 590.5 என்னும் எண்ணை நம்பரால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 40-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 14.8 டெக்ஸ் ஆகும். 60-ஆம் நம்பர் நூல் 40-ஐவிட மெல்லியது என்பதை விரல் நுனியால் அறிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இக்கணக்கில் பாதி முன்னமே தெரியும். எஞ்சிய பாதியைக் கற்பிப்பதே ஆசிரியரின் பணி.

பெயரும் பொருளும்

ஆயினும் நடைமுறையில் நிகழ்வது வேறு. மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் இசுலாமியக் குடும்பங்கள் பல தலைமுறையாக நெசவில் ஈடுபட்டு வந்துள்ளன. காஞ்சியிலும் சேலத்திலும் பிற சமூகத்தாரும் அவ்வாறே. அத்தகைய குடும்பத்திலிருந்து இப்படிப்பிற்குச் செல்லும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். வகுப்பில் வார்ப், வெஃப்ட், ரீடு, ஹீல்டு, ஷட்டில், சைசிங் என்னும் சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அவர் திகைக்கின்றார்.

வார்ப் என்பது அவருடைய தந்தையார் ஓட்டிய பாவு. வெஃப்ட் என்பது தாயார் தாரில் சுற்றிக் கொடுத்த ஊடை. ரீடு என்பது அச்சு. ஹீல்டு என்பது விழுது. ஷட்டில் என்பது நாடா. சைசிங் என்பது விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்ட வேலை. கஞ்சி போடாத பாவு அச்சிலும் விழுதிலும் உராய்ந்து அறும் என்பதையும் அவர் கண்ணாரக் கண்டிருப்பார். பொருள் அவருக்குத் தெரியும். வகுப்பில் வழங்கும் பெயர்தான் தெரியாது. பெயரறியாமையைப் பொருளறியாமையாக அவரே கருதிவிடும்போது, தலைமுறைகள் சேர்த்த அறிவு வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. இது மொழிப்பற்று மட்டும் சார்ந்த செய்தியன்று. ஏழை மாணவரின் தேர்ச்சியைச் சார்ந்த செய்தியாகும்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலுமே இடம்பெற்றன. சொல்வளம் மிகுந்த நெசவுத்துறை அவ்வரிசையில் இல்லை.

சொல் ஆக்கமும் சொல் சேகரிப்பும்

கலைச்சொல் என்றவுடன் புதிதாக ஆக்குவதையே நினைக்கின்றோம். மணவை முஸ்தபா (1935–2017) போன்ற அறிஞர்கள் கலைச்சொல் அகராதிகளால் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. கணிப்பொறி போன்ற புதுத்துறைகளுக்குச் சொல்லாக்கம் இன்றியமையாதது. நெசவுக்கோ ஆக்கத்திற்கு முன்னர்ச் சேகரிப்பு வேண்டும். தறிமேடையில் வழங்கும் சொல் இருக்க, மேசையிலிருந்து வேறொன்றை ஆக்கினால் நெசவாளருக்கும் அது புரியாது, மாணவருக்கும் உதவாது.

தறிச்சொற்கள் சில, ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் சொல்ல இயலாத நுட்பமுடையவை. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிணைத்து நெய்வதைக் 'கோர்வை' என்பர். அச்சொல்லை விளக்க ஆங்கிலத்தில் ஒரு தொடர் வேண்டும். அவ்வாறே பிறமொழியினின்று வந்த சொற்களையும் விலக்க வேண்டுவதில்லை. பொத்தான் துளையைக் 'காஜா' என்னாத தையற்காரர் அரியர். வழக்கில் வேரூன்றிய சொல்லை வழக்கே தமிழாக்கிவிட்டது.

நம் கைத்தறித் துணிகளின் பெயர்கள் கடல் கடந்தும் சென்றுள்ளன. மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியைப் 'பெலிக்காட்' என்பர். அது பழவேற்காட்டின் பெயரினின்று வந்தது. அயல்நாட்டார் பேணிவரும் சொற்செல்வத்தை நாம் நம் வகுப்பறையில் பேணாதிருத்தல் முறையன்று.

முடிவுரை

இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி 2009–10-இல் ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த நெசவாளர், துணைத்தொழிலாளர் தொகை 2019–20-இல் ஏறத்தாழ 35 இலட்சமாகக் குறைந்தது. தறி நின்றால் அதன் சொல்லும் நின்றுவிடும். முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும்.

இப்பணி தமிழ்த்துறை மாணவர்களால் இயலாததன்று. விடுமுறையில் தம் ஊர்த் தறிக்கூடங்களுக்குச் சென்று, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் செயலையும் கேட்டு, படம் வரைந்து, ஊர்ப்பெயருடன் குறித்து வருதல் முதற்படி. ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வேறு பெயர் வழங்கினால் அனைத்தையும் பதிதல் இரண்டாம்படி. நெசவுப் பொறியியல் பயில்வோரைக் கொண்டு ஆங்கிலப் பெயரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் மூன்றாம்படி. அவ்வாறு உருவாகும் சிறு சொற்கையேடு அகராதிகளின் வரிசையில் பெரிதாக விளங்காமற் போகலாம். ஆனால் முதலாண்டு வகுப்பில் திகைத்து அமர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு, "இதனை நான் முன்னமே அறிவேன்" என்னும் துணிவை அது தருமாயின் அதுவே போதிய பயனாகும்.