கை காலுக்குச் சரி, மூச்சுக்கு எதற்குப் பயிற்சி?

கேள்வி: என் அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பிசியோதெரபி நடக்கிறது. இப்போது மூச்சுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். நுரையீரலில் கோளாறு இல்லாதவருக்கு எதற்கு?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நுரையீரல் நன்றாகவே இருக்கலாம், அதை விரிக்கும் தசைகள்தான் தளர்ந்திருக்கின்றன. கை காலை முடக்கிய அதே பாதிப்பு, அந்தப் பக்கத்து உதரவிதானத்தையும் விலா இடைத் தசைகளையும் வலுவிழக்கச் செய்யும். மூச்சு மேலோட்டமாகும், இருமலில் பலம் இருக்காது, சளி தங்கும். அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

முதலில் அப்பாவை நிமிர்த்தி உட்கார வையுங்கள்; பாதி மருந்து அதுதான். வயிற்றில் கை வைத்து, மூக்கால் இழுக்கும்போது வயிறு எழும்படி மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்; அதை உறிஞ்சி இழுக்க வேண்டும். வாய் கோணியிருந்தால் உதட்டோரம் காற்று கசியும், விரலால் மூடிப் பிடியுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறதா? அப்படியானால் விழுங்கும் திறனை மருத்துவர் சோதிப்பதுதான் அவசரம். படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டினாலும் புரையேறும்; அந்தப் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை!

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்துப் போவது சிரமம் என்றால், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காய்ச்சலோடு மூச்சிரைத்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.