கண்காணாத் துகளை அளத்தல்

நெல்லை மரக்காலால் அளக்கிறோம்; பொன்னைத் துலாக்கோலில் நிறுக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாததும், தோன்றிய அக்கணமே மறைவதுமாகிய ஒன்றை எங்ஙனம் அளப்பது? அதனையும் அளந்து காட்டியுள்ளனர் இக்கால அறிவியலறிஞர்.

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்து, பிரான்சு நாட்டின் எல்லையில் செர்ன் என்னும் ஆய்வு நிலையம் உளது. அது 1954-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே நிலத்தின் கீழ் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று உண்டு. புரோட்டான் கற்றைகள் இரண்டினை ஒளியின் வேகத்தை நெருங்குமாறு எதிரெதிரே செலுத்தி மோதவிடும் பெருங்கருவி அதனுள் அமைந்துள்ளது. 2008-ஆம் ஆண்டில் அது முதன்முதல் இயக்கப்பெற்றது.

அம்மோதலில் பிறக்கும் துகள்களுள் டபிள்யூ, இசட் என்பன குறிப்பிடத்தக்கவை. கதிரவன் ஒளிர்வதற்கும், ஒருவகைக் கதிரியக்கத்திற்கும் வேண்டிய மெல்விசையை ஏந்திச் செல்வன இவையே. இவை கேஜ் போசான்கள் என்னும் இனத்தைச் சார்ந்தவை. புரோட்டானினும் டபிள்யூ ஏறத்தாழ 86 மடங்கும், இசட் 97 மடங்கும் நிறை மிக்கவை. 1983-இல் செர்ன் நிலையத்திலேயே இவை கண்டறியப்பட்டன. அப்பணிக்காகக் கார்லோ ரூபியா, சைமன் வான் டெர் மீர் ஆகிய இருவரும் 1984-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அரிதாக, ஒரே மோதலில் இவை இணையாகவும் பிறக்கும். இவ்விணைப் பிறப்பை அறிஞர் பெரிதும் கருதுவது ஏன்? இத்துகள்கள் தம்முள் கொண்ட உறவை அது புலப்படுத்தும். கொள்கை கூறும் உறவில் சிறு பிழை இருப்பினும், ஆற்றல் மிக மிக இணைகளின் எண்ணிக்கை மாறிவிடும்.

பாம்பைக் காணாதவரும் மணலில் அதன் தடத்தைக் கண்டு அது சென்றமையை அறிவர் அன்றோ? அதுபோல, இசட் இணை சிதைந்து தரும் நான்கு எலெக்ட்ரான் அல்லது மியூவான்களின் தடங்களைக் கொண்டு அவ்விணையை உய்த்துணர்வர். டபிள்யூ சிதையுங்கால் தோன்றும் நியூட்ரினோவோ கருவிக்கு அகப்படாது நழுவிவிடும். பிற துகள்களின் உந்தம் ஒருபுறம் சாய்ந்து நிற்பதே அதனைக் காட்டிக்கொடுக்கும். பின்னர், இணைபோலத் தோன்றி மயக்கும் நிகழ்ச்சிகளைக் கழிப்பர்; கருவி காணத் தவறியவற்றைக் கணக்கிட்டுக் கூட்டுவர்; மோதல்களின் மொத்த அளவோடு ஒப்பிட்டு விடை காண்பர்.

அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு ஆய்வுக் குழுவினரும் முதலாண்டுகளில் இவ்வாறு அளந்தபொழுது, டபிள்யூ இணைகள் கொள்கைக் கணக்கினும் சற்று மிகுதியாகவே காணப்பட்டன. புதிய துகள் ஏதேனும் மறைந்துளதோ எனச் சிலர் ஐயுற்றனர். அளந்தவரோ கணக்கிற்கு ஏற்பத் தம் எண்ணைக் குறைத்தாரல்லர்; கண்டதைக் கண்டவாறே வெளியிட்டனர். 2014-இல் கொள்கையாளர் தம் கணக்கினை இன்னும் நுணுக்கமாகச் செய்தனர். அப்போது கணக்கின் எண்ணே உயர்ந்தது. வேறுபாடும் பெரும்பாலும் நீங்கிற்று.

மாணவர்களே, குறை அளவையில் இல்லை. கணக்கின் நுணுக்கத்திலேயே இருந்தது. அளந்தவர் அன்று தம் எண்ணைத் திருத்தியிருப்பின் அவ்வுண்மை வெளிப்பட்டிராது. எதிர்பார்த்த பக்கம் சாயாத கோலே நல்ல துலாக்கோல். அறிவியலாருக்கு வேண்டிய முதற்பண்பும் அதுவே.