கப்பலில் உலங்கு வானூர்தி: தயார்நிலையின் நான்கு படிகள்

போர்க்கப்பலிலுள்ள உலங்கு வானூர்தி (ஹெலிகொப்டர்) நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுதல், கடலில் வீழ்ந்தவரை மீட்டல், நோயாளரைக் கொண்டுசெல்லல் முதலிய பணிகளைச் செய்கின்றது. கட்டளை கிடைத்தபின் எத்தனை நிமிடத்துள் அது மேலெழ வேண்டும் என முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒழுங்கே தயார்நிலை எனப்படும்.

ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் நான்கு படிகள் வருமாறு:

1. 5 நிமிடம் - வானூர்தி புறப்படும் இடத்தில் நிற்கும். விசிறித் தகடுகள் விரிக்கப்பட்டிருக்கும். விமானிகள் உள்ளே அமர்ந்திருப்பர். தீயணைப்புக் குழுவும் ஆயத்தமாக நிற்கும்.
2. 15 நிமிடம் - வானூர்தி மேற்கூறியவாறே நிற்கும். விமானிகள் உள்ளே இருக்க வேண்டியதில்லை. ஆயினும் பணி பற்றிய விளக்கம் பெற்று, அழைத்ததும் வரத்தக்கதாக இருப்பர்.
3. 30 நிமிடம் - விசிறித் தகடுகள் மடிக்கப்பட்டிருக்கலாம். புறப்படும் இடத்துக்குத் தடையின்றிக் கொண்டுவரக்கூடியதாக நிறுத்தப்பட்டிருக்கும்.
4. 60 நிமிடம் - சிறு திருத்த வேலைகள் நடைபெறலாம். உரிய நேரத்துள் அவற்றை முடிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

எப்போதும் முதலாம் படியில் வைத்திருந்தால் என்ன?

இவ்வினாவே பாடத்தின் மையம். வெயிலிலும் குளிரிலும் நெடுநேரம் ஆசனத்தில் கட்டுண்டிருக்கும் விமானி களைப்படைவார், களைத்தவர் தவறிழைப்பார். திறந்த தளத்தில் நிற்கும் வானூர்தியில் உப்புக்காற்றினால் அரிப்பு ஏற்படும். விரித்த தகடுகளைப் பலத்த காற்று சேதப்படுத்தலாம். திருத்த வேலைக்கும் நேரம் இராது. எனவே ஆபத்தின் அளவுக்கேற்பத் தளபதி படியைத் தீர்மானிப்பார்.

கணித்துப் பார்ப்போம்

ஓரிடத்தில் காணப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் மணிக்கு 24 கி.மீ. கதியில், தெரியாத திசையில் செல்வதாகக் கொள்வோம். 5 நிமிடத்தில் அது 2 கி.மீ. செல்லும். 30 நிமிடத்தில் 12 கி.மீ. செல்லும். தேட வேண்டிய பரப்பு ஒரு வட்டமாகும்.

5 நிமிடத்தின் பின்: 22/7 × 2 × 2 = ஏறத்தாழ 12.6 சதுர கி.மீ.
30 நிமிடத்தின் பின்: 22/7 × 12 × 12 = ஏறத்தாழ 452.6 சதுர கி.மீ.

கவனிக்குக: நேரம் 6 மடங்காயின் பரப்பு 36 மடங்காகும். மாணவர் பலர் 6 மடங்கு என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். ஆரையின் வர்க்கத்தை மறவாதீர்கள்.

வரலாற்று உதாரணம்

1982 ஏப்ரல் 25 அன்று, போக்லண்ட் போரின்போது, தென் ஜோர்ஜியாத் தீவருகே ஆர்ஜென்ரீனாவின் சாந்தா பே என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நீர்மேல் சென்றுகொண்டிருந்தது. பிரித்தானியாவின் அன்ட்ரிம் கப்பலிலிருந்து சென்ற வெசெக்ஸ் உலங்கு வானூர்தி அதைக் கண்டு குண்டுகளை வீசியது. ஏனைய கப்பல்களின் உலங்கு வானூர்திகளும் தொடர்ந்து தாக்கின. சேதமுற்ற அது கிரிட்விக்கன் துறைக்குத் திரும்பியது. அன்றே அங்கிருந்த ஆர்ஜென்ரீனப் படையினர் சரணடைந்தனர். கண்டது ஒரு வானூர்தியே; வாய்ப்பு நழுவாமற் காத்தது, பின்தொடர ஏனையவையும் ஆயத்தமாக இருந்தமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. "உச்சத் தயார்நிலையை நெடுநேரம் பேணினால் தயார்நிலையே குறையும்." காரணங்கள் மூன்று காட்டி விளக்குக.
3. மேற்படி கணக்கில் 60 நிமிடத்தின் பின் தேட வேண்டிய பரப்பு, 15 நிமிடத்தின் பின் உள்ளதைப்போல் எத்தனை மடங்கு? (விடை: 16)

இரண்டாம் வினாவுக்குக் காரணங்களை வெறுமனே பட்டியலிடாது, ஒவ்வொன்றும் எவ்வாறு தயார்நிலையைக் குறைக்கும் என ஒரு வாக்கியமாவது எழுதுக.