வாங்கும் முன் வரச் சொல்



தம்பி, மதுரையில் சொந்தமாகக் கால்நடை கிளினிக் திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். இனி உன் மேஜைக்குப் பெர்ஷியன் பூனைக்குட்டிகள் வரிசையாக வரும். கண்ணில் நீர் வடிய, வயிற்றுப்போக்கோடு, காதோரம் வட்ட வட்டமாய் முடி கொட்டிய படையோடு வரும். பணம் கொடுத்து வாங்கியபிறகுதான் நம் ஜனங்களுக்கு டாக்டர் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்பே அவர்களை உன்னிடம் வரவழைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூக்கு எடுப்பான டால் ஃபேஸா, மூக்கு அமுங்கிய பன்ச் ஃபேஸா என்று முதலில் கேட்பார்கள். மூக்கு அமுங்க அமுங்க விலை ஏறுகிறது. கூடவே மூக்குத்துளை குறுகுகிறது, கண்ணீர்க் குழாய் மடங்குகிறது, பற்கள் நெருக்கியடித்து முளைக்கின்றன. நம் சித்திரை வெயிலில் அந்த ஜீவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தவர்கள் நாம். டால் ஃபேஸே எடுங்கள் என்று தயங்காமல் சொல்.

அதைவிட முக்கியமானது சிறுநீரகம். பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2004-ல் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு வந்துவிடும். குட்டி துள்ளி விளையாடும், நன்றாகத் தின்னும், தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படாது. பெரும்பாலும் ஏழெட்டு வயதில், வீட்டுப் பிள்ளைகள் அதோடு ஒன்றிப்போன பிறகு, சிறுநீரகம் கைவிடும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் இந்த நோய் உண்டா என்று தெரிந்துவிடும். அதனால் தாய், தந்தை இரண்டின் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்கச் சொல். வம்சச் சான்றிதழை நீட்டி மழுப்புவார்கள். அதில் பாட்டன் பூட்டன் பெயர் இருக்கும், சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

குட்டி பிறந்த வீட்டுக்கே போய்த் தாய்ப்பூனையைப் பார்க்கட்டும். பஸ் ஸ்டாண்டில் கூடையோடு வந்து கைமாற்றுகிறவரிடம் வாங்கவே வேண்டாம். இங்கே ஒன்றரை மாதத்திலேயே குட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனில் 1910 முதல் பூனை வம்சங்களைப் பதிவு செய்துவரும் ஜி.சி.சி.எஃப். அமைப்பு, 13 வாரம் ஆகும்வரை கொடுக்காதீர்கள் என்கிறது. அதற்குள் தடுப்பூசிகள் விழுந்திருக்கும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையும் கூடப்பிறந்த குட்டிகளிடம் கற்றிருக்கும்.

நல்ல வளர்ப்பாளர் நம்மையும் குடைவார். ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறீர்களா, முன்பு இருந்த குட்டி எதனால் செத்தது என்றெல்லாம் கேட்பார். குட்டிகளைக் கொல்லும் பான்லூகோபீனியா கிருமி ஒரு வீட்டில் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்படிக் கேட்பவரிடம் குட்டி இல்லையென்றால், அடுத்த ஈற்று வரை காத்திருக்கச் சொல்.

உன் கிளினிக் வாசலில் ஒரு பலகை மாட்டு, தம்பி: ‘பூனை வாங்கும் முன் வாருங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.’